மறுப்பா, மறுதலிப்பா?

அரசியல் மேடையில் ஒருவன் நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொன்னால், அவனைச் சுட்ட நம் மக்களிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. நாக்குப் புரண்டவன் என்பர். குட்டிக்கரணம் போட்டான் என்பர். பல்டி அடித்தான், கைகழுவினான், சொன்ன சொல்லை விழுங்கினான் என்பர். செய்தித்தாள்களோ 'வாபஸ்' என்று பாரசீகத்தின் வாசலில் போய் நின்று கடன் வாங்கும். ஏசுவதற்கு இத்தனை சொல்லைச் சேர்த்து வைத்திருக்கும் நாம், தன் கருத்தைத் தானே ஆராய்ந்து, குறை கண்டு, மாற்றிக் கொண்டவனைப் பாராட்ட ஒரு சொல் வைத்திருக்கிறோமா? 'திருந்தினான்' என்ற சொல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது திருடனுக்கும் குடியனுக்கும் கொடுக்கப்படும் சொல். நேற்று வரை அவன் கெட்டவன் என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளே ஒளிந்து கிடக்கிறது.

இது அகராதியின் வறுமை அன்று, தோழர்களே, வளர்ப்பின் வறுமை. சொன்ன சொல்லை மாற்றாதவனே சான்றோன் என்று கதை கதையாகச் சொல்லி நம்மை வளர்த்தார்கள். தயரதன் எந்தக் காலத்திலோ, எந்தப் போர்க்களத்திலோ மனைவிக்குக் கொடுத்த வரத்தைக் காப்பாற்ற மகனைக் காட்டுக்கு அனுப்பினானாம். நாடு கலங்கினாலும் வாக்குக் கலங்கக் கூடாதாம். அரிச்சந்திரன் மனைவியையும் மகனையும் விற்றானாம். அதைப் பார்த்து மக்கள் விடிய விடியக் கண்ணீர் வடித்தார்களாம். மனைவியை விற்க இவனுக்கு உரிமை கொடுத்தவர் யார் என்று ஒருவனாவது எழுந்து கேட்டானா? கேட்கவிடாமல் செய்ததுதான் அக்கதையின் வெற்றி. திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் 'பிரியேன்' என்று சூளுரைத்துவிட்டுப் பிரிந்த சுந்தரருக்குக் கண் இரண்டும் போயின என்கிறது புராணம். அங்கும் கதை சங்கிலியாரின் துயரைப் பற்றியதன்று. ஆணை தவறியதைப் பற்றியது.

வாக்கு வேறு, கருத்து வேறு. கடன் வாங்கினேன், தருகிறேன் என்பது வாக்கு. அதை மாற்றினால் எதிரில் இருப்பவன் ஏமாறுகிறான். ஞாயிறு நிலத்தைச் சுற்றுகிறது என்பது கருத்து. அதை மாற்றிக் கொள்வதால் எவனும் ஏமாறுவதில்லை, ஏமாந்திருந்தவன் விடுபடுகிறான். வாக்குக்கு உரிய மதிப்பைக் கருத்துக்கும் கொடுத்துப் பூட்டி வைத்ததுதான் வைதிகத்தின் திறமை. தாம் சொல்வதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம், உங்கள் அறிவுக்குப் பொருந்தினால் மட்டும் கொள்ளுங்கள் என்று பெரியார் மேடைதோறும் சொன்னது இந்தப் பூட்டைத்தான் உடைத்தது. 1925 இல் காஞ்சிபுரத்தில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடமில்லை என்றானதும் காங்கிரசை விட்டு வெளியேறிய அவரை நோக்கி, நேற்றுக் கதர் மூட்டையைத் தோளில் சுமந்தவர்தானே என்று எள்ளி நகைத்தார்கள். சுமந்தேன் என்றுதான் அவர் சொன்னாரே தவிர, சுமக்கவில்லை என்று சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கொண்டு மேலே செல்வோம்.

ஐரோப்பிய மொழிகளில் இதற்கான சொற்கள் பெரும்பாலும் இலத்தீனிலிருந்து வந்தவை. அவற்றின் உட்பொருளைப் பிரித்துப் பார்த்தால் ஒரு சமூகத்தின் வரலாறே கிடக்கிறது. ஆங்கிலத்தின் 'ரீகேண்ட்' என்ற சொல்லின் உள்ளே இருப்பது பாட்டு. பாடியதைத் திருப்பிப் பாடுதல். எலனைப் பழித்துப் பாடிய கிரேக்கப் புலவன் சுடெசிகோரசுக்குக் கண் போயிற்று என்றும், மாற்றிப் பாடியதும் கண் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. (சுந்தரர் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. கண்ணைப் பறித்துப் பாட்டை வாங்கும் தொழில் எல்லா நாட்டுத் தெய்வங்களுக்கும் பொது போலும்!) 'ரெப்யூடியேட்' என்பது உரோமானியர் மனைவியை விலக்கி வைத்த வழக்கத்திலிருந்து வந்த சொல். 'ரிட்ராக்ட்' என்பது பின்னுக்கு இழுத்தல். பூனை நகத்தை உள்ளே இழுத்துக் கொள்வதற்கும் அதுவே சொல். 'அப்ஜூர்' என்பதுதான் இவற்றுள் கொடியது. ஆணை என்ற சொல் அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆணையிட்டுச் சொல்லி அப்பால் தள்ளுதல் என்பது அதன் பொருள். வெறுமனே மாற்றிக் கொண்டேன் என்றால் போதாது. சத்தியம் செய்ய வேண்டும்.

நேர்மாறான ஒரு சொல்லும் அங்கே இருந்தது. அகசுட்டின் என்ற கிறித்தவப் பெரியார் தம் முதுமையில், ஏறத்தாழ 427 ஆம் ஆண்டில், தாம் வாழ்நாளெல்லாம் எழுதிய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, இங்கே இப்படி எழுதியது சரியில்லை, இதை இப்படித் திருத்திக் கொள்க என்று ஒரு நூல் எழுதினார். அதற்கு இட்ட பெயர் 'ரெட்ராக்டாட்டியோனசு'. பின்னுக்கு இழுத்தல் என்று இதைத் தவறாகப் பொருள் கொள்வாருண்டு. மீண்டும் கையில் எடுத்தல், மறுபடியும் கையாளுதல் என்பதே அதன் பொருள். அவருடைய சமயக் கொள்கையோடு நமக்கு ஒரு பொழுதும் உடன்பாடு இல்லை. ஆனால் தம் நூலுக்குத் தாமே முதல் குற்றம் கண்டவர் அவர் என்பதை மறைப்பது பகுத்தறிவு ஆகாது. யாரும் அவரை மண்டியிடச் சொல்லவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழில் 'மறு' என்ற ஒலி இரண்டுக்கும் நிற்கிறது. மறுநாள், மறுபடி, மறுவாழ்வு என்னும்போது 'மீண்டும்'. மறுப்பு என்னும்போது 'இல்லை'. வேர் ஒன்றா இரண்டா என்பதைப் புலவர்கள் ஆராயட்டும். 'மறுதலித்தல்' என்ற சொல்லை மக்கள் பெரும்பாலும் கிறித்தவ மறைநூலின் தமிழ் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். சேவல் கூவுமுன் மூன்று முறை அந்த மனிதரை அறியேன் என்று சீடர் பேதுரு சொன்னாரே, அதற்கு உரிய சொல் அது. எதிரியை எதிர்ப்பது மறுப்பு. தனக்குத் தெரிந்ததையே, தான் நேசித்ததையே, தெரியாது என்பது மறுதலிப்பு. நுட்பமான வேறுபாடு. அதைக் கட்டிக் காக்க வேண்டும். ஏனெனில் இக்கட்டுரையில் நாம் பேச வந்த மனிதன் செய்தது மறுப்பு அன்று.

1633 சூன் 22. உரோமாபுரியில் சாந்தா மரியா சோப்ரா மினர்வா மடத்தின் மண்டபம். அறுபத்தொன்பது வயதுக் கிழவர் ஒருவர் மண்டியிட்டு, பிறர் எழுதிக் கொடுத்த தாளைப் படிக்கிறார். அவர் பெயர் கலிலியோ கலிலி. தொலைநோக்கியைத் திருப்பி வானத்தைப் பார்த்தவர். 1610 சனவரியில் வியாழனைச் சுற்றித் துணைக்கோள்கள் ஓடுவதைக் கண்டு, எல்லாம் நிலத்தைத்தான் சுற்ற வேண்டும் என்ற பழங்கொள்கையின் இடுப்பை முறித்தவர். 1616 இல் எச்சரிக்கப்பட்டவர். 1632 இல் இரு பெரும் உலக அமைப்புகள் பற்றிய உரையாடல் நூலை, அறிஞர் மட்டுமே அறிந்த இலத்தீனில் எழுதாமல், கடைத்தெருவில் பேசும் இத்தாலிய மொழியில் எழுதி வெளியிட்டவர். அந்தக் குற்றத்தின் கனத்தை, 'தேவபாஷை' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தமிழ் இளைஞனுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தாளில் மூன்று வினைச்சொற்கள் இருந்தன. ஆணையிட்டுத் துறக்கிறேன், சபிக்கிறேன், வெறுத்து ஒதுக்குகிறேன் என்று அவர் சொல்ல வேண்டும். கருத்தைக் கைவிட்டால் போதாதாம். அதன் மீது சாபம் போட வேண்டுமாம். அதோடு முடிந்ததா? இனி எவனாவது இவ்வாறு பேசக் கேட்டால் அவனை விசாரணை மன்றத்துக்குக் காட்டிக் கொடுப்பேன் என்ற உறுதிமொழியும் அதில் அடங்கும். முந்தின நாள் விசாரணையில், உண்மையைச் சொல்லாவிட்டால் சித்திரவதை செய்யப்படும் என்று அவரிடம் சொல்லப்பட்டது பதிவேட்டிலேயே இருக்கிறது. தீர்ப்பின் தலைப்பில் பெயர் பொறிக்கப்பட்ட பத்து கர்தினால்களில் எழுவர்தாம் கையொப்பம் இட்டனர்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. அந்த மறுதலிப்பின் படிகள் ஊர் ஊராக அனுப்பப்பட்டன. கணிதமும் மெய்யியலும் கற்பிக்கும் ஆசிரியர்களை வரவழைத்து அவர்கள் காதில் விழும்படி படிக்கச் செய்தார்கள். எதற்காக? கிழவரின் உள்ளம் மாறிவிட்டது என்று அந்தக் கர்தினால்கள் நம்பினார்களா? அவ்வளவு பேதைகள் அல்லர் அவர்கள். உள்ளம் அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. வகுப்பறையில் நின்று கொண்டிருக்கும், இன்னும் வாய் திறக்காத, பெயர் தெரியாத ஆசிரியனின் வாயை அடைப்பதற்குத்தான் அந்தச் சொற்கள் செய்யப்பட்டன. பேசுபவன் கலிலியோ, கேட்க வேண்டியவன் இன்னொருவன். மறுதலிப்பின் இலக்கணம் இதுதான்.

செருமானிய நாடகாசிரியர் பெர்த்தோல்ட் பிரெக்ட் இதை நன்றாகப் புரிந்து கொண்டிருந்தார் என்பதற்கு 'கலிலியோவின் வாழ்க்கை' என்ற அவருடைய நாடகமே சான்று. இட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி டென்மார்க்கில் வாழ்ந்த நாளில், 1938 இல், அதன் முதல் வடிவத்தை எழுதினார். 1943 இல் சூரிச் நகரில் அரங்கேறிற்று. அதில் ஒரு காட்சி. கலிலியோ விசாரணை மன்றத்தில் இருக்கிறார். வெளியே மாணவர்கள் காத்திருக்கிறார்கள். அவர் பணிந்துவிட்டால் ஐந்து மணிக்குப் பெரிய கோவில் மணி அடிக்கும். ஐந்து ஆகிறது, மணி அடிக்கவில்லை. மாணவர்கள் ஒருவரையொருவர் தழுவிக் கொள்கிறார்கள். கண்ணாடி தேய்க்கும் தொழிலாளி பெடர்சோனி, இலத்தீன் தெரியாததால் நூல்களைப் படிக்க முடியாத அந்த மனிதனும், இனி இருள் இல்லை என்று மகிழ்கிறான். தந்தை உயிர் பிழைக்க வேண்டுமே என்று மகள் மட்டும் ஒரு மூலையில் வழிபட்டுக் கொண்டிருக்கிறாள். அப்போது மணி அடிக்கிறது.

நாடகத்தில் கலிலியோ மண்டியிடும் காட்சியே இல்லை! இதுதான் நாடகாசிரியனின் கூர்மை. நம் நாடகக்காரர்களிடம் இக்கதை கிடைத்திருந்தால் அந்த மண்டபத்தையே மேடையில் கட்டி, இருட்டடித்து, இடி மின்னல் வரவழைத்து, கிழவரை ஒரு பக்க வசனம் பேச வைத்துக் கைதட்டு வாங்கியிருப்பார்கள். பிரெக்ட் நமக்குக் காட்டுவது கேட்பவர்களின் முகத்தை. மறுதலிப்பு வெளியே தெருவில் அறிவிப்பாளனின் குரலாகத்தான் வருகிறது. சொற்கள் யாருக்காகச் செய்யப்பட்டனவோ அவர்கள் மீது அவை விழுவதை நாம் பார்க்கிறோம். மாணவன் ஆந்திரியா ஆசிரியரைக் கண்டபடி ஏசுகிறான். வீரர்களைப் பற்றி அப்போது இருவருக்கும் இடையே நடக்கும் சிறு உரையாடல் உலகப் புகழ் பெற்றது. அதை இங்கே எடுத்து எழுதி அதன் சுவையைக் குறைக்க விரும்பவில்லை.

முதல் வடிவத்தில் பிரெக்ட் கலிலியோவைப் பெரும்பாலும் மன்னித்துவிட்டார். கிழவர் பணிந்தது தந்திரம். வீட்டுக் காவலில் இருந்து கொண்டே இரகசியமாகப் புதிய நூலை எழுதி எல்லை கடத்திவிட்டார். எனவே வெற்றி அறிவுக்கே என்பது அதன் தொனி. வரலாற்றிலும் அந்த நூல் 1638 இல் ஆலந்து நாட்டு லைடன் நகரில் அச்சேறியது உண்மைதான். நாஜிகளின் கண்ணில் மண்ணைத் தூவி உண்மையைக் கடத்த வேண்டியிருந்த காலத்தில் எழுதப்பட்ட நாடகம் அப்படித்தான் பேசும். பிறகு 1945 ஆகசுட்டு 6 வந்தது. இரோசிமாவின் மேல் குண்டு விழுந்தது. நடிகர் சார்லசு லாட்டனோடு சேர்ந்து ஆங்கில வடிவம் செய்து கொண்டிருந்த பிரெக்ட், தம் தீர்ப்பை மாற்றினார். 1947 இல் லாசு ஏஞ்சலசில் மேடையேறிய வடிவத்தில் கலிலியோ தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் கொள்கிறான். அறிவை ஆள்வோர் கையில் ஒப்படைத்துவிட்டேன் என்ற பொருளில் பேசுகிறான்.

இரண்டாம் வடிவமே உயர்ந்தது என்பது நம் கருத்து. தந்திரத்தைப் புகழும் நாடகம் பார்ப்பவனுக்கு மலிவான ஆறுதலைத் தருகிறது. 'உள்ளுக்குள் உறுதி இருந்தால் போதும், வெளியே எப்படிப் பேசினால் என்ன' என்று வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஊர் ஊராகப் படிக்கப்பட்ட அந்தத் தாளைக் கேட்ட கணித ஆசிரியனுக்குக் கிழவரின் உள்ளுறுதியால் என்ன பயன்? அவன் கேட்டது ஆணையை மட்டுந்தானே!

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். தன்னைத் தானே கண்டிக்கும் அந்தக் கடைசி உரை மிக நன்றாக அமைந்துவிட்டது. குற்றவாளியே வழக்குரைஞனாகி, அவனே நீதிபதியும் ஆகி, யாருக்கும் வேலை வைக்காமல் வழக்கை முடித்து விடுகிறான். மிரட்டியவர்கள் எங்கே போனார்கள்? வாத்துக்கறியின் மணத்தில் மயங்கும் கிழவனின் சுவைப் பித்தைக் காட்ட எடுத்துக் கொண்ட அக்கறையை, சித்திரவதைக் கருவியைக் காட்டிய கையைக் காட்ட நாடகாசிரியர் எடுத்துக் கொள்ளவில்லை. மகளையும் அவர் தம் தேவைக்கு வளைத்தார். நாடகத்தில் அவள் தந்தைக்குக் காவலாக முதுமை வரை உடனிருக்கிறாள். உண்மை மகள் கன்னிமாடத்தில் வாழ்ந்தவர். தந்தைக்குத் தண்டனையாக விதிக்கப்பட்ட வாராந்திர வழிபாட்டைத் தானே ஏற்றுச் சொன்னவர். 1634 இல் இறந்தவர். அந்த மகளை வைத்து வேறொரு நாடகமே எழுதலாம்.

பிரெக்ட்டின் சொந்த வாழ்விலும் ஒரு மாலை வந்தது. 1947 அக்டோபர் 30 அன்று, அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் குழுவின் முன் வாசிங்டனில் அவர் நிறுத்தப்பட்டார். பொதுவுடைமைக் கட்சி உறுப்பினரா என்ற கேள்விக்கு இல்லை என்றார். மற்றக் கேள்விகளை வழுக்கி வழுக்கிக் கடந்தார். மறுநாள் ஐரோப்பாவுக்குப் பறந்தார். முதல் வடிவத்துக் கலிலியோ நடந்து கொண்டது போலவே நடந்து கொண்டார் எனலாம். இரண்டாம் வடிவத்தை எழுதி முடித்த பிறகு! இதை வைத்து அவரைப் பழிக்க நாம் வரவில்லை. ஆனால் தம் பழைய தீர்ப்பை அவர் மாற்றிய முறை கவனிக்கத் தக்கது. முதல் வடிவத்தைச் சபிக்கவில்லை, எரிக்கவில்லை, அதே நாடகத்தை மீண்டும் கையில் எடுத்தார். 1956 இல் இறக்கும் வரை கையில்தான் வைத்திருந்தார். அகசுட்டினின் சொல் இந்த நாத்திகருக்குப் பொருந்துவது விந்தைதான்.

கலிலியோ எழுந்து நிற்கையில் காலால் நிலத்தை உதைத்து, ஆனாலும் இது சுற்றத்தான் செய்கிறது என்று முணுமுணுத்தார் என்ற கதையை நம் மேடைகளில் இன்னும் சிலர் முழங்குகிறார்கள். கைதட்டும் பெறுகிறார்கள். அவர் காலத்துப் பதிவு எதிலும் அது இல்லை. நூலாக அச்சில் வந்தது 1757 இல், இலண்டனில், அவர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு. பகுத்தறிவாளன் தன் பக்கத்துக் கட்டுக்கதையையும் கட்டுக்கதை என்றே சொல்ல வேண்டும். மேலும் அந்தக் கதை கேட்பவனுக்கு நல்லதும் செய்யவில்லை. முணுமுணுத்ததால் மண்டியிட்டது கழிந்துவிட்டது என்று எண்ண வைக்கிறது.

மண்டியிட மறுத்தவர்கள் உண்டா எனில், உண்டு. புரூனோ 1600 பிப்ரவரி 17 அன்று உரோமாபுரிச் சந்தைச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டார். இங்கிலாந்தின் கிரான்மர் கதை இன்னும் நெருக்கமானது. அவர் ஒரு முறை அன்று, பல முறை மறுதலிப்புத் தாளில் கையெழுத்திட்டார். 1556 மார்ச் 21 அன்று ஆக்சுபோர்டில் மக்கள் முன் அதைப் படிக்க வேண்டிய நேரத்தில், அந்தத் தாள்களையே மறுத்தார். கையெழுத்திட்ட வலக்கையே முதலில் வேகட்டும் என்று நெருப்பில் நீட்டினார். மறுதலிப்பை மறுத்த கை அது.

திருச்சபை தன் பங்குக்கு என்ன செய்தது? உரையாடல் நூல் தடைப் பட்டியலிலிருந்து 1835 இல் நீங்கிற்று. 1981 இல் ஓர் ஆய்வுக் குழு அமைத்தார்கள். 1992 அக்டோபர் 31 அன்று போப் இரண்டாம் ஜான் பால் பேசினார். இரு தரப்பினரும் ஒருவரையொருவர் புரிந்து கொள்ளாமையால் நேர்ந்த துயரம் என்ற பொருளில் பேசினார். பேசியதே பெரிது என்பாருண்டு. நாமும் அதைச் சிறிதென்று தள்ளவில்லை. ஆனால் சொற்களைத் தராசில் வையுங்கள். கிழவருக்கு மூன்று வினைச்சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எழுவாய் 'நான்'. திருச்சபைக்கு 359 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்: புரியாமை. அதற்கு எழுவாயே இல்லை. இரு தரப்பும் என்கிறபோது, மிரட்டியவன் தரப்பும் மிரட்டப்பட்டவன் தரப்பும் ஒரே தட்டில் உட்கார்கின்றன. யார் யாரைப் புரிந்து கொள்ளவில்லை? கலிலியோ அவர்களை நன்றாகவே புரிந்து கொண்டார், அதனால்தான் மண்டியிட்டார்.

இதையெல்லாம் எழுதும்போது நம் முற்றத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? 1963 இல் அண்ணா திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டதை மாற்றார் இன்றும் நம்மிடம் எறிகிறார்கள். நம் தோழர்களில் சிலர் உடனே 'இராசதந்திரம்' என்று பதில் கொடுக்கிறார்கள். அது பிரெக்ட்டின் முதல் வடிவம்! அந்த விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. நடந்ததை நடந்தவாறே சொல்வோம். 1962 இல் சீனப் படையெடுப்பின்போது பிரிவினைப் பேச்சை அண்ணா நிறுத்தி வைத்தார். 1963 இல் அரசியல் சட்டத்தின் பதினாறாம் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்க விரும்புவோர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக ஆணையிட வேண்டும் என்றது. இங்கும் ஆணைதான் என்பதைக் கவனியுங்கள். மாநிலங்களவையில் அந்தச் சட்ட வரைவை அண்ணா எதிர்த்துப் பேசினார். சட்டமான பின் கோரிக்கை கைவிடப்பட்டது. சட்டத்தின் அழுத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அப்படியானால் இதுவும் மினர்வா மடந்தானா? அன்று என்பதே நம் முடிவு. காரணம் சொற்களில் இருக்கிறது. கோரிக்கையைக் கைவிட்டோம், கோரிக்கை எழுந்த காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா. நேற்றுச் சொன்னது பாவம் என்று சொல்லவில்லை. அதைச் சபிக்கவில்லை. அதைப் பேசியவர்களைக் காட்டிக் கொடுப்பேன் என்று வாக்களிக்கவில்லை. எதை விட்டார், எதை விடவில்லை என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். கேட்ட தொண்டன் வாயடைத்துப் போனானா? 1965 இன் மொழிப் போராட்டம் அதற்கு விடை சொல்லும். 1967 இல் ஆட்சி அமைந்ததும் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு, 1969 சனவரி 14 முதல் தமிழ்நாடு என்ற பெயர் என்று அந்தக் காரணங்களில் சிலவற்றுக்கு வேறு வழியில் விடை தேடப்பட்டது. மாநில உரிமை என்ற காரணம் இன்றும் தீரவில்லை என்பதை ஏடு படிப்போர் அறிவர். கைவிட்டது சரியா தவறா என்று தோழர்கள் வாதிடலாம், வாதிட வேண்டும். ஆனால் 'கைவிடுதல்' என்ற சொல்லை 'மறுதலித்தல்' என்று மாற்றி எழுத மாற்றாருக்கு இடம் கொடுக்கக் கூடாது. 'தந்திரம்' என்று மழுப்புவதால் நாமே இடம் கொடுக்கிறோம்.

மினர்வா மடத்தின் உண்மையான சாயல் வேண்டுமானால் 2015 சனவரியின் நாமக்கல்லுக்குப் போக வேண்டும். பெருமாள்முருகன் என்ற எழுத்தாளர், கல்லூரி ஆசிரியர். 2010 இல் வெளிவந்த 'மாதொருபாகன்' புதினத்துக்காகச் சாதிக் கூட்டமும் மதக் கூட்டமும் சூழ்ந்து நின்றபோது, அதிகாரிகள் கூட்டிய 'அமைதிப் பேச்சு' என்ற அறையில் நிபந்தனையற்ற மன்னிப்புக்குக் கையெழுத்திட்டார். மன்னிப்பு! தமிழில் எவ்வளவு மென்மையான சொல்! அடுத்த சில நாளில், தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே உலகுக்கு அறிவித்தார். கோவில் மணிக்குப் பதில் முகநூல். பெரியாரின் ஊருக்குப் பக்கத்து மாவட்டத்தில் இது நடந்தது என்பது நமக்கு உறைக்க வேண்டும். 2016 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு 'பூனாச்சி' வந்தது. ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதரைப் பற்றி எழுதியவர் ஆட்டைப் பற்றி எழுதத் தொடங்கியதைப் பார்த்துச் சிரிப்பதா சிந்திப்பதா என்று படித்தவர்கள் முடிவு செய்து கொள்ளட்டும்.

இறுதியாக, இந்நாடகத்தைத் தமிழில் நடிக்க முனையும் மன்றத் தோழர்களுக்கு ஒன்று. அந்த அறிவிப்பை மொழிபெயர்க்கையில் 'மறுக்கிறேன்' என்று எழுதி விடாதீர்கள்; அது வீரனின் சொல். 'கைவிடுகிறேன்' என்பதும் வேண்டாம்; அது மிக இலேசானது. 'மறுதலிக்கிறேன்' என்பதே நிற்கட்டும். நேரம் போதவில்லை என்று மற்ற இரண்டு வினைச்சொற்களையும், காட்டிக் கொடுப்பேன் என்ற பகுதியையும் வெட்டிவிடாதீர்கள். கலிலியோவுக்கு நல்ல நடிகரைத் தேடும் அளவுக்கு அறிவிப்பாளனுக்கும் தேடுங்கள். அவன் அழவும் வேண்டாம், முழங்கவும் வேண்டாம். தாலுக்கா அலுவலகத்தில் ஏல அறிவிப்புப் படிப்பவனைப் போல, அடுத்த தெருவுக்குப் போக வேண்டிய அவசரத்தோடு அவன் படிக்கட்டும்.